ரேகை விழாத விரலும் பூட்டிவைத்த ஆதாரும்

வாசகர் கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. சாத்தூர் அருகே ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் தீப்பெட்டி ஆலையிலும் வீட்டிலுமாகப் பெட்டி ஒட்டியவர். ரேஷன் கடையில் எப்போதுமே நாலைந்து முறை அழுத்தினால்தான் அவருக்கு ரேகை விழும். கடந்த மூன்று மாதங்களாக அறவே விழவில்லை. இரண்டு முறை வெறும் பையோடு திரும்பியிருக்கிறார். ரயில்வேயில் பணியாற்றிக் காலமான என் தந்தையின் குடும்ப ஓய்வூதியத்துக்கு வரும் நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். அங்கும் இப்படி ஆனால் ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறார். பக்கத்து ஊரில் ஒருவருடைய கணக்கிலிருந்து போலி ரேகையை வைத்துப் பணம் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதால், கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் ஆதாருக்கு ஒரு பூட்டு வசதியை என் கைப்பேசியிலிருந்து போட்டுவைத்தேன்; அது சரிதானா என்றும் சொல்லுங்கள். டிசம்பரில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்)

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தப் பூட்டைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோடையில் பூட்டினீர்கள், மூன்று மாதங்களாக ரேகை அறவே விழவில்லை. இரண்டையும் நீங்கள் தனித்தனியாக எழுதியிருந்தாலும், படித்தவுடன் எனக்கு அவை ஒன்றாகவே தெரிந்தன. ஆதாரில் உயிரளவுப் பூட்டு என்பது கைரேகை, கருவிழி, முகம் ஆகிய மூன்று வழிகளையும் சேர்த்தே அடைத்துவிடும். பூட்டு இருக்கும்வரை உங்கள் அம்மாவின் ரேகை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கடைக் கருவி அதை ஏற்காது. பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபி ஒன்றுதான் அப்போது திறந்திருக்கும் வாசல். அந்த எண்ணோ திருப்பூரில் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

இது என் ஊகம்தான் என்றாலும், உறுதி செய்துகொள்ள நீங்கள் ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஆதார் இணையதளத்தில் அம்மாவின் எண்ணைக் கொடுத்து, உங்களுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு உள்ளே நுழைந்தால், கடந்த ஆறு மாதங்களில் அவருடைய ஆதார் எங்கெங்கே, எந்த நாளில், எந்த முறையில் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறு கிடைக்கும். தோல்வியடைந்த ஒவ்வொரு முயற்சிக்கும் அருகில் ஒரு பிழை எண் இருக்கும். 330 என்று இருந்தால், உரியவரே பூட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். 300 என்று இருந்தால், பூட்டு இல்லை, ரேகை பொருந்தவில்லை என்று பொருள். அரிதாக 811 என்று வரும்; அந்த ஆளின் உயிரளவுப் பதிவே மையத் தொகுப்பில் இல்லை என்பதை அது குறிக்கும். ரேஷன் கடையில் எல்லாவற்றுக்கும் 'ரேகை விழல' என்ற ஒரே சொல்தான். ஆனால் இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், வேறெதையும் செய்யும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

330 என்றால் அதே தளத்தில் பூட்டை நிரந்தரமாக நீக்கிவிடுங்கள். பத்து நிமிடங்களுக்கு மட்டும் தற்காலிகமாகத் திறக்கும் வசதியும் உண்டு என்பது உண்மையே. ஆனால் அம்மா வரிசையில் நின்று, தன் முறை வரும்போது யாருடைய கைப்பேசியையாவது வாங்கி உங்களை அழைத்து, நீங்கள் வேலைக்கு நடுவே அதைத் திறந்து, அதற்குள் கடையில் சிக்னல் போகாமல் இருந்து, பத்து நிமிடத்துக்குள் பில் போட்டாக வேண்டும் என்பது 74 வயதில் ஒருவரைப் படுத்துகிற பாடு. மோசடி பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதுதான். அதற்கான பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

பூட்டை நீக்கினாலும் உங்கள் கவலை முழுதாகத் தீராது. 'எப்போதுமே நாலைந்து முறை அழுத்தினால்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பூட்டு காரணமில்லை, தீப்பெட்டிதான் காரணம். ரேகைக் கருவிகளின் தரத்தைச் சோதிக்கும் பணியில் நான் பல ஆண்டுகள் இருந்தவன். ஒரு முறை தீப்பெட்டித் தொழிலாளர்கள் மிகுந்த ஊர் ஒன்றில் சோதனைக்கு அமர்ந்திருந்தபோது, எழுபதை நெருங்கிய ஓர் அம்மாள் வந்து வலது கைப் பெருவிரலை வைத்தார். திரையில் தெரிந்தது, விடியற்காலையில் போட்டு மழையில் நனைந்த கோலம்போல் இருந்தது. அங்கங்கே கோட்டுத் துண்டுகள், நடுவில் வெறும் வெள்ளை. ரேகைப் படத்தின் தரத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அதில் ஒன்று நல்லது, ஐந்து மோசம். அவருடைய பெருவிரல் ஐந்து. ஆள்காட்டி விரலும் ஐந்து. அவர் முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். "நான்தான்யா, ஆதார் எடுக்கும்போதும் நான்தான் வந்தேன்" என்று, யாரும் கேட்காமலேயே இரண்டு முறை சொன்னார். பிறகு இடது கை மோதிர விரலை வைக்கச் சொன்னோம். தர எண் இரண்டு. முதல் முயற்சியிலேயே பொருந்தியது.

இதில் மாயமில்லை. பசையைத் தடவி, தாளை மடித்து, அட்டையின் ஓரத்தை அழுத்தித் தேய்க்கிற வேலையைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலுமே செய்கின்றன. மோதிர விரல் கூடவே இருக்குமே தவிர அதிகம் உழைக்காது. பீடி சுற்றுபவர், கயிறு திரிப்பவர், தேயிலை பறிப்பவர், சிமென்ட் கலப்பவர் எல்லோருக்கும் ஏறத்தாழ இதே கதைதான். வயதாக ஆகத் தோலில் ஈரப்பசையும் நெகிழ்வும் குறைந்து, ரேகை மேடுகள் தட்டையாகிவிடுகின்றன என்பது தனி. கடைகளில் பரவலாக இருக்கும் கருவியில், ஒளி படும் கண்ணாடியோடு ரேகை மேடுகள் ஒட்டினால்தான் படம் விழும். காய்ந்த மேடு சரியாக ஒட்டாது. அதற்காக ஓங்கி அழுத்தினால் மேடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரும்பட்டையாகிவிடும். 'நல்லா அழுத்தும்மா' என்று கடையில் சொல்வது பெரும்பாலும் தவறான யோசனை.

கருவி பார்ப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரலின் முழுப் படத்தையும் படத்தோடு வைத்து, நாம் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதுபோல் அது காண்பதில்லை. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அம்மா ஆதார் எடுத்த நாளில் பதிவான புள்ளிகளோடு எத்தனை ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண், முன்பே நிர்ணயித்து வைத்த ஓர் அளவுக்கு மேல் இருந்தால் 'ஆம்', கீழே இருந்தால் 'இல்லை'. அந்த அளவைச் சல்லடைக் கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நுணுக்கினால் போலி ஆட்கள் நுழைவது குறையும், உரியவர்கள் சிக்கித் தவிப்பது கூடும். கண்ணைப் பெரிதாக்கினால் இதற்கு நேர்மாறு. இரண்டு பிழையும் இல்லாத சல்லடையை இதுவரை எவரும் செய்ததில்லை. ஆகவே 'இல்லை' என்று கருவி சொல்வது 'இவர் அவரில்லை' என்ற தீர்ப்பு ஆகாது. 'இந்தப் படத்தைக் கொண்டு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை' என்பதே அதன் பொருள். இந்த வேறுபாட்டைக் கவுன்டரில் இருப்பவருக்குக் கற்றுத்தராமல் கருவியை மட்டும் கொடுத்து அனுப்பியதுதான், என் பார்வையில், இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. போலி ஆளைப் பிடிப்பதால் வரும் லாபம் அரசுக்கு. உரியவரை நிராகரிப்பதால் வரும் நட்டம் வெறும் பையோடு நடப்பவருக்கு.

விரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணத்தையும் சரிபார்த்துவிடுங்கள். ரேஷன் கடையில் நடப்பது நாட்டில் உள்ள அத்தனை பேரோடும் ஒப்பிடும் வேலையில்லை. குடும்ப அட்டையில் உள்ள ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயருக்கு இணைக்கப்பட்ட ஒரே ஓர் ஆதார் எண்ணின் பதிவோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். அட்டையில் உங்கள் பெயரும் இன்னும் இருந்து, அவசரத்தில் உங்கள் பெயரைத் தொட்டுவிட்டு அம்மாவின் விரலை வைக்கச் சொன்னால் ஆயுள் முழுக்க விழாது. கணவன் மனைவியின் ஆதார் எண்கள் அட்டையில் ஒன்றுக்கொன்று மாறிப் பதிவான குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு முன்பு சில முறையாவது விழுந்திருப்பதால் எண் மாறியிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் பெயரைத் தேர்ந்தெடுப்பதை ஒரு முறை உடன் நின்று பார்ப்பது நல்லது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அம்மா செய்ய வேண்டியவை எளியவை. முதல் நாள் இரவு விரல்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். காலையில் துணி சோப்பு, பாத்திரம் துலக்கும் பொடி ஆகியவற்றைத் தொடும் முன்பே கடைக்குப் போய்விடட்டும். வெறும் தண்ணீரில் கையைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, விரலின் நுனியை அல்ல, சதைப்பற்றான நடுப்பகுதியைக் கண்ணாடியின் மேல் மெல்ல வைக்க வேண்டும். பெருவிரலோடு போராடாமல், மோதிர விரல், நடு விரல் என இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாக முயலட்டும். எது விழுகிறதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் அதையே முதலில் வைத்தால் போதும். ஆதார் எடுக்கும்போது பத்து விரல்களையும் பதிந்திருக்கிறார்கள். எந்த விரலையும் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விரல் கைவிட்டால் கருவிழி. தமிழ்நாட்டில் பல ரேஷன் கடைகளுக்குக் கருவிழிக் கருவி வந்துவிட்டது. கடையில் இருந்தும் பெட்டியிலேயே கிடக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஓடிபி. இவை எல்லாமே கைவிட்டாலும், ரேகை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அட்டைதாரருக்குப் பொருளை மறுக்கக் கூடாது. பதிவேட்டில் ஒப்பம் பெற்றுக்கொண்டு வழங்க வேண்டும். இது கடைக்காரரின் தயவைப் பொறுத்த விஷயம் அன்று. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சட்டத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்றபோதும், சரிபார்ப்புத் தோல்வியால் உரியவருக்குப் பயன் மறுக்கப்படக் கூடாது என்பதை வலியுறுத்தியது. அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், ஆதாரை வழங்கும் தனித்துவ அடையாள ஆணையம் ரேகை பொருந்தாதவர்களுக்கு மாற்று வழியில் வழங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

ஆனாலும் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விற்பனையாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன். ரேகை இல்லாமல் போட்ட ஒவ்வொரு பில்லுக்கும் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்த காலத்தை நாம் மறந்துவிட முடியாது. ரேகை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் ஒரு முறை நேரில் போய், அம்மாவின் வயதையும் விரலையும் காட்டி, பக்குவமாகப் பேசினால் பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாவிட்டால் வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்து மூலம் ஒரு மனு, 1967 என்ற கட்டணமில்லா எண்ணில் ஒரு புகார். மேலும், முதியோரின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியிருக்கிறது. 70 வயதைக் கடந்தவர் தனியாக வசிக்கும் வீடு என்பதால் உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தக்கூடும். அட்டையில் உங்கள் பெயர் இருப்பது அதற்குத் தடையாகுமா என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி மோசடி. பக்கத்து ஊரில் நடந்ததாக நீங்கள் கேள்விப்பட்டது கட்டுக்கதையாக இருக்க வேண்டியதில்லை. ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில், வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஓடிபியும் இல்லை, ரகசிய எண்ணும் இல்லை. கிராமத்தில் படிக்காதவரும் பணம் எடுக்க வேண்டும் என்பதற்காக வைத்த எளிமை அது. அதுவே திருடனுக்கும் எளிமையாகிவிட்டது. ரேகையை அவன் எங்கே எடுக்கிறான் என்று கேட்பீர்கள். 2018இல் தெலங்கானாவில் பிடிபட்ட ஒருவர், நிலப் பத்திரங்களில் வைத்திருந்த கைநாட்டுகளை இணையத்திலிருந்து எடுத்து, ரப்பரில் வார்த்து, அவற்றைக் கொண்டு சிம் கார்டுகளை இயக்கிவைத்திருந்தார். நாம் பத்திரத்தில் வைக்கும் கைநாட்டு மைப்படம்தான் என்றாலும், ரேகையின் மேடு பள்ளம் அதில் அப்படியே இருக்கிறது. கடவுச்சொல் போய்விட்டால் மாற்றிக்கொள்ளலாம்; விரலை மாற்ற முடியாது. 2023 பிப்ரவரியில் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் கூடுதல் சோதனையைச் சேர்த்தது. அது பயனுள்ளதே. அதை மட்டும் நம்பிக் கணக்கைத் திறந்து போட்டுவைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

நீங்கள் பூட்ட வேண்டிய இடம் வங்கி. உங்கள் அம்மா ஓய்வூதியத்தை நேரில் போய்ச் சீட்டு எழுதியோ ஏடிஎம் அட்டையிலோ எடுக்கிறவர் என்றால், அந்தக் கணக்கில் ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதியே அவருக்குத் தேவையில்லை. அதை நிறுத்திவைக்கும்படி கிளையில் எழுதிக் கொடுங்கள். பல வங்கிகள் செயலி வழியாகவும் இதற்கு இடம் தருகின்றன. அப்போது எவரேனும் போலி விரலோடு வந்தாலும் அந்தக் கணக்கைத் தொட முடியாது, அம்மாவின் உண்மை விரலோ ரேஷன் கடையில் தடையின்றி வேலை செய்யும். கணக்கின் குறுஞ்செய்திகள் உங்கள் எண்ணுக்கு வரட்டும். அறியாத ஒரு பற்று எப்போதாவது விழுந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்துவிட்டு, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பிழை வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறெங்கோ நேர்ந்திருந்தால், அந்த மூன்று நாட்களுக்குள் தெரிவித்தவர் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. நகல் கொடுக்க நேரும் இடங்களில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுத்துப் பழகுங்கள்.

ஓய்வூதியத்துக்கு வருவோம். ரேகைக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள உறவு ஆதாரைவிட மிகப் பழையது. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், இறந்துபோன ஓய்வூதியரின் பெயரில் உறவினர்கள் வந்து பணம் வாங்கிச் செல்வதைத் தடுக்க, 1877இலேயே ஓய்வூதியர்களின் விரல் ரேகையைப் பதிவு செய்து ஒப்பிட்டார். ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. கேட்கப்படும் கேள்வி இன்றும் அதேதான். பதில் சொல்லும் வழிகள் மட்டும் பெருகியிருக்கின்றன. 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச் சான்றில் முதலில் விரலும் கருவிழியும்தான் இருந்தன. 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம். அதற்கான இரண்டு செயலிகளை உங்கள் கைப்பேசியில் நிறுவி, முதலில் இயக்குபவராக உங்களைப் பதிந்துகொண்டு, பிறகு அம்மாவை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னால் வேலை முடிந்தது. ஓய்வூதிய ஆணை எண்ணும் கணக்கு எண்ணும் அருகில் இருக்கட்டும். பூட்டை நீக்காமல் முயன்றால் முகமும் தோற்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மின்னணுச் சான்று ஒரு வசதிதான், கட்டாயமில்லை. வங்கிக் கிளைக்கு நேரில் சென்று அதிகாரி முன் தாளில் ஒப்பமிட்டுக் கொடுக்கும் பழைய உயிர்ச் சான்று இன்றும் செல்லும். அம்மாவால் போக முடியாத நிலை வந்தால், 70 வயதைக் கடந்த வாடிக்கையாளரின் வீட்டுக்கே வந்து உயிர்ச் சான்று பெறும் ஏற்பாட்டைச் செய்யும்படி 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதைக் கிளை மேலாளருக்கு நினைவூட்டுங்கள். ஊர் அஞ்சல்காரரும் சிறு கட்டணத்துக்கு வீட்டுக்கே கருவியோடு வந்து எடுத்துக் கொடுப்பார். ஒரு மாதம் தவறினாலும் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படுமே தவிர ரத்தாகிவிடாது. சான்று சேர்ந்தவுடன் நிலுவையோடு வந்துவிடும். அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

கடைசியாக, ஆதாரில் உயிரளவுப் பதிவைப் புதுப்பிப்பது. பூட்டை நீக்கிய பிறகும் 300 என்ற எண்ணே தொடர்ந்து வந்தால், பல ஆண்டுகளுக்கு முன் முகாமில் பதிந்த ரேகைக்கும் இன்றைய விரலுக்கும் தொலைவு கூடிவிட்டது என்று கொள்ளலாம். ஆதார் மையத்தில் விரல், கருவிழி, புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்தே புதிதாக எடுப்பார்கள். 2025 அக்டோபர் முதல் அதற்கு 125 ரூபாய் கட்டணம். இதை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். கண்புரை, கருவிழித் திரைக்குப் பின்னால் உள்ள வில்லையில் படர்வது என்பதால், இப்போது ரேஷன் கடையில் அம்மாவின் கருவிழியை வைத்துச் சரிபார்க்க அது பெரும்பாலும் தடையாகாது. ஆனால் அறுவையின்போதும் அதன்பின் சில வாரங்கள் சொட்டு மருந்து ஊற்றும்போதும் கண்ணின் பாவை விரிந்தும் கண் சிவந்தும் இருக்கலாம். அந்த நிலையில் புதிய பதிவு எடுத்தால் அதுவே பிறகு பொருந்தாமல் போகும். மருத்துவர் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி, கண் முழுதும் ஆறியபின் போங்கள். போகும் நாளுக்கு முந்தைய ஒரு வாரம் அம்மா பாத்திரம் துலக்கும் பொடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும், மையத்தில் இருப்பவர் அவசரப்படுத்தினாலும் பத்து விரல்களும் திரையில் தெளிவாகத் தெரியும்வரை திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லவும், உடன் நீங்கள் இருப்பது அவசியம்.